காரணம் எழுதும் கட்டம்

ஏழடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது.
துணைமின் நிலையத்தில் நானும் ஹேராகாஜியும்.
அவன் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான்,
அரசர் படம் போட்ட பழைய நாள்காட்டித் தாளில்
தோலைச் சேர்த்தபடி.

லலித்பூரைச் சுற்றி அகழி வெட்டி ஐந்து நாள்.
நெல் வயலுக்கு வைத்திருந்த மண்வெட்டிகள்தாம்.
போலீஸ் வண்டி உள்ளே வராதபடி
பாதைக்குக் குறுக்கே, ஆள் ஆழத்துக்கு,
ஊரே இறங்கி வெட்டியது.
ஊரடங்கில் நடக்க எனக்குச் சீட்டு உண்டு.
மின்சாரம் அத்தியாவசியம்.
அதனால் நானும்.

அப்போது முள் அசைந்தது.

மூன்றாம் தடம், எங்கள் பக்கம்.
சின்ன நடுக்கம், கொசு உட்கார்ந்ததுபோல.
அப்புறம் ஐந்தாம் தடம். அப்புறம் இரண்டு.
பதினோரு வருஷம் இந்த முள்களோடு இருக்கிறேன்.
மரம் சாய்ந்தால், இடி விழுந்தால்
வெட்டிப்போட்டதுபோல் விழும்.
இது அப்படி விழவில்லை.
வீடு வீடாய் இறங்கியது.
ஒரு விரல், ஒரு பொத்தான்,
மாடியில் இன்னொரு விரல்.

ஹேராகாஜி கடலையை வைத்துவிட்டு எழுந்தான்.
சன்னலுக்கு வெளியே ஓர் ஊர்
தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது.

தொலைபேசி. மேலதிகாரி.
என்ன கோளாறு?
கோளாறு இல்லை ஐயா, கம்பி நன்றாக இருக்கிறது.
ஃபியூஸ்?
அதுவும்.
பிறகென்ன, போட்டுவிடு.
இங்கே எல்லாம் போட்டுத்தான் இருக்கிறது ஐயா.
கொஞ்ச நேரம் அவர் மூச்சு மட்டும் கேட்டது.
பின்னால் ஒரு பெண் குரல், அவர் மனைவியாக இருக்கும்,
"நாமும் அணைத்துவிடலாமா" என்றதும்
கேட்டது.

சுமை குறைந்தால் சுழற்சி வேகமெடுக்கும்.
ஐம்பதில் நிற்க வேண்டியது ஐம்பத்தொன்றைத் தொட்டது.
மலைக்கு அப்பால் அணைக்கட்டில் எவனோ ஒருவன்
பதறிப்போய்த்
தண்ணீரின் வாயைப் பொத்திக்கொண்டிருப்பான்.

ஒன்பதாம் தடம் மட்டும் அசையவில்லை.
அரண்மனைத் தடம்.
எல்லா முள்ளும் படுத்துக் கிடக்க
அது ஒன்று சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன்:
என் கை அங்கே மூன்று முறை போனது.
கறுப்புக் கைப்பிடி, உள்ளங்கைக்கு அளவானது.
ஹேராகாஜி பார்க்காதவன்போல்
கடலைத் தோலை ஊதினான்.
மூன்று முறையும் கை திரும்பி வந்தது.
சம்பளம், வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம்,
வரிசை உங்களுக்கே தெரியும்.

பிறகு சன்னலில் பார்த்தேன்.
பள்ளத்தாக்கு முழுக்கக் கறுத்துக் கிடக்க
ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்த ஒரு மாளிகை,
கழற்றி வைத்த பல்செட் மாதிரி
தனியாக இளித்துக்கொண்டிருந்தது.
எரியட்டும் என்று விட்டேன்.
அதைத் தைரியம் என்று பின்னாளில்
சிலரிடம் சொன்னதும் உண்டு.

பதிவேட்டில் நேரம் எழுதினேன். இழப்பு எழுதினேன்.
காரணம் என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்.
மழை, காற்று, கிளை, காகம்,
இவற்றை நினைத்து அச்சடித்தது.
வெறுமையாக விட்டுவிட்டு எழுந்தேன்.
மறுநாள் வந்து பார்த்தால்
ஹேராகாஜியின் கோணல் எழுத்து:
காகங்கள். நிறைய.

அன்றிரவு வீடு திரும்புகையில்
தெருமுனையில் அகழி இருப்பதை மறந்து
உள்ளே விழுந்தேன்.
இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது.
ஈரமண், பீடி வாசம்.
யார் என்று அவரும் கேட்கவில்லை.

அஸ்தமாயா கதவைத் திறந்தாள்.
முழங்கால் சேற்றைப் பார்க்காமல்
"எவ்வளவு விழுந்தது?" என்றாள்.
இருபத்தொரு மெகாவாட்.
"அவ்வளவுதானா?"
கையில் மாவோடு கொஞ்சம் நின்றாள்,
சந்தையில் எடை குறைந்ததுபோல.
பிறகு சொன்னாள்:
"நம் வீட்டுக் கடிகாரம் இரண்டு நிமிஷம் வேகம்.
மறந்துபோய் அணைத்துவிட்டேன்.
தெருவில் அப்போது வேறு யாருமே இல்லை."

மூன்றாம் தடம்.
கொசு உட்கார்ந்ததுபோல.